மொழியும் கணக்கும் பகையா?

கணக்கு நன்றாக வரும் பையன் மொழி படித்து வீணாகக் கூடாது என்ற தீர்ப்பு, பல வீடுகளில் பரீட்சை முடிவு வருமுன்பே எழுதப்பட்டு விடுகிறது. அயல்நாடுகளில் எல்லோரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டப் படிப்பு நான்கு ஆண்டு. முதலாண்டில் மூன்று பாடங்கள் எடுக்கலாம். கணிதத்தோடு கெல்டிக் மொழிகளையும் ஒருவரே படிக்க அங்கு வழி உண்டு.

கெல்டிக் என்பது ஒரு மொழிக் குடும்பம். ஐரிஷ், ஸ்காட்லாந்தின் கேலிக், வேல்ஸின் வெல்ஷ், பிரான்சின் பிரெட்டன் முதலியவை அதைச் சேர்ந்தவை. பெரிய மொழிகளின் நெருக்கத்தில் தேய்ந்து போனவை. 2021 கணக்கெடுப்பில் வேல்ஸில் வெல்ஷ் பேசுவோர் சுமார் 5 லட்சத்து 38 ஆயிரம் பேர்தான். இதைப் படித்தால் சோறு கிடைக்குமா என்று கேட்பவர்கள் அங்கும் இருக்கிறார்கள்.

அவர்களுக்குச் சரித்திரம் பதில் சொல்கிறது. 1675-ல் வேல்ஸின் ஆங்கிள்ஸி தீவில் எளிய குடும்பத்தில் பிறந்த வில்லியம் ஜோன்ஸ், லண்டன் வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதியவர். வெல்ஷ் பேசி வளர்ந்தவர். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைக் குறிக்க 'பை' என்ற எழுத்தை 1706-ல் அச்சில் முதலில் வழங்கியவர் அந்தக் கணக்கரே. அதே பெயர் கொண்ட அவர் மகன் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்தார். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஆகியவை ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்றும், கெல்டிக்கும் அந்தக் கூட்டத்தில் சேரலாம் என்றும் 1786-ல் எடுத்துரைத்தார். தந்தை எண்ணில் ஒழுங்கைத் தேடினார். மகன் சொல்லில் தேடினார்.

அயர்லாந்தின் டி வலேரா, கணித ஆசிரியராக இருந்து பிரதமரானவர். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1940-ல் டப்ளினில் ஓர் உயர் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தார். அதன் முதல் இரண்டு பிரிவுகள் கெல்டிக் ஆராய்ச்சியும், கணிதத்தை நம்பி நிற்கும் கோட்பாட்டுப் பௌதிகமும். பின்னதற்குத் தலைமை ஏற்றவர் நோபல் பரிசு பெற்ற ஷ்ரோடிங்கர்.

வெல்ஷ் மொழியின் பழைய எண் முறையில் பதினாறு என்பது 'பதினைந்தின் மேல் ஒன்று'. பதினெட்டு 'இரண்டு ஒன்பது'. நாற்பது 'இரண்டு இருபது'. கணக்கு அறிந்தவன் இதில் ஒரு கணித முறையைக் காண்பான். மொழி அறிந்தவன் ஒரு சமூகத்தின் நினைவைக் காண்பான். இரண்டும் அறிந்தவனுக்கு லாபம் இரட்டிப்பு.

கணிதம் உத்தியோகத்துக்கு உதவும் என்பதில் சந்தேகமில்லை. மாதச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் அதை முதலில் பார்ப்பதும் நியாயமே. ஆனால் கணக்குக்கு இடம் வேண்டும் என்று தாய்மொழியை வெளியே தள்ள வேண்டிய அவசியம் இல்லை. வெளி மாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு மாலையில் கணக்கு டியூஷன் வைக்கும் பெற்றோர், வாரத்தில் இரண்டு மணி நேரம் தமிழுக்கும் ஒதுக்கட்டும். மார்க்கு குறைந்துவிடாது.