சேலத்து இரும்பும் ஜாம்ஷெட்பூர் உலையும்

ஓர் ஆய்வுக்கூடத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அடிக்கல் நாட்டியவர், திறந்து வைத்தவர், இயக்குநர்கள் எனப் பெயர் வரிசை தந்து நின்றுவிடுகின்றனர். அங்கே மூட்டப்பெற்ற உலைகள் எவ்வினாவுக்கு விடை தேடின, அவ்விடை பின்னர் என்னவாயிற்று என்பதே கேட்கத்தக்கது. ஜாம்ஷெட்பூரிலுள்ள தேசிய உலோகவியல் ஆய்வுக்கூடத்தை இவ்வகையில் நோக்குதல் தமிழர்க்குச் சிறப்பாகப் பொருந்தும்.

1946 நவம்பர் 21ஆம் நாள் அதற்கு அடிக்கல் நாட்டியவர், சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் விளங்கிய இராஜாஜி. 1950 நவம்பர் 26ஆம் நாள் நேரு அதனைத் திறந்து வைத்தார். நாட்டில் இல்லாததை எண்ணி ஏங்காது, இருப்பதைக் கொண்டு செய்தல் என்பதே அதன் தொடக்ககால நோக்கமாயிற்று. துருவேறா எஃகுக்குக் குரோமியமும் நிக்கலும் வேண்டும். நிக்கலோ அன்று முழுதும் அயல்நாட்டுச் சரக்கு. ஆதலின் பி. ஆர். நிஜவான் முதலியோர் நிக்கலுக்கு மாற்றாக மாங்கனீசும் நைட்ரசனும் சேர்த்து எஃகு செய்து காட்டினர். நம் அடுக்களையில் எவர்சில்வர் என்று வழங்கும் கலங்கள் பல இன்று நிக்கல் குறைந்து மாங்கனீசு மிகுந்தனவாக இருப்பதை நோக்க, அவ்வெண்ணம் வீண்கனவு அன்று என்பது விளங்கும்.

சேலத்துக் கஞ்சமலையில் இரும்புக்கனி மிகுதியாக உண்டு. ஆயின் அதில் இரும்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. எஞ்சியது பெரிதும் குவார்ட்சு. இதனைப் பொடித்துக் காந்தத்தால் பிரித்துவிடலாம். கடிய இடர்ப்பாடு எரிபொருளில்தான். உயர்ந்த ஊதுலையில் மேலிருந்து அழுத்தும் பாரத்தை உறுதியான கற்கரியே தாங்கும். அதற்கேற்ற நிலக்கரி தமிழ்நாட்டில் இல்லை. நெய்வேலியில் கிடைப்பதோ நொறுங்கும் பழுப்பு நிலக்கரி. உலையின் உயரத்தைக் குறைத்தால் பாரம் குறையும். மெலிந்த கரியும் தாங்கும். இக்கருத்தின்படி அமைந்த தாழ்ந்த ஊதுலையில் சேலத்துக் கனியையும் நெய்வேலிக் கரியையும் இட்டு இரும்பு உருக்கும் சோதனைகள் 1960களில் ஜாம்ஷெட்பூரில் நடைபெற்றன. ஒரு மாநிலத்தின் மண்ணையும் கரியையும் ஆயிரம் கல்லுக்கு அப்பால் ஏற்றிச் சென்று, ‘இவ்விரண்டும் ஒன்றோடொன்று இணங்குமா’ என்று பார்த்த உழைப்பு எளியதன்று.

பின்னர் நடந்தது வேறு. 1970இல் சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. 1981இல் அது இயங்கத் தொடங்கியபோது, வேறிடங்களிலிருந்து வந்த உருக்குச் சுருள்களைத் தகடாக உருட்டும் ஆலையாகவே இருந்தது. கஞ்சமலைக் கனிக்கும் அதற்கும் தொடர்பில்லை. 2010இல் உருக்கும் கூடம் வந்தபின்னும் அது மின்வில் உலையே அன்றிக் கனியிலிருந்து இரும்பு எடுப்பதன்று. கனியின் தரம், செலவு ஆகியவை எதிராக நின்றிருக்கலாம், அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் பொதுப்பணத்தில் ஆய்வு செய்து பெற்ற விடையைக் கொள்வதாயினும் தள்ளுவதாயினும் அதன் காரணத்தை மக்கள் முன் வைத்தல் ஆள்வோர் கடமை. அவ்வாறு வைக்கப்பெறாமையால், ‘சேலத்து இரும்பு’ மேடைப் பேச்சாகவே நின்றது. ஆய்வுக்கூடங்களை ஈட்டிய வருவாயால் மட்டும் அளக்க முனையும் இக்காலத்தில் இத்தகைய சோதனைகள் தோல்விக் கணக்கில் எழுதப்படுகின்றன, இது நேர்மையன்று. ஆய்வாளர் கையில் இருந்தது உலை, ஆலை அன்று.

தில்லி இரும்புத்தூணின் துருவை ஆராய்ந்த அவ்வாய்வுக்கூடத்தார், 1963இல் வெளியான ஆய்வுரையில், பழங்குடி மக்கள் பண்டை முறையில் உருக்கிய இரும்பையும் அதனோடு ஒப்பிட்டனர். பெயரறியாக் கொல்லரின் கைவினையையும் ஆய்வுப்பொருளாக மதித்த அப்பெருமனம் போற்றத்தக்கது. கொடுமணலில் உலை மூட்டிய பண்டைத் தமிழ்க் கொல்லரைப் பற்றி இலக்கிய மாணவர் அறிவர். கஞ்சமலைக் கனியை உருக்கிப் பார்த்த அண்மைக்கால ஆய்வாளரைப் பற்றி எத்துணைப் பேர் அறிவர்? அவ்வாய்வுக்கூடத்தாரின் ஆய்வுரைகள் பல இன்று மின்னூலகத்தில் எவரும் படிக்கக் கிடைக்கின்றன, எல்லாம் ஆங்கிலத்தில். அவற்றுள் சேலத்தையும் நெய்வேலியையும் பற்றியனவற்றையேனும் வேதியியல் துறையாரின் துணைகொண்டு தமிழ்த்துறைகள் மொழிபெயர்த்து வெளியிடலாம்.