சட்டைப் பையில் திருமாங்கல்யம்

சென்ற ஐப்பசியில் என் மனைவிக்குப் பித்தப்பைக் கல்லுக்காக அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. "திங்கட்கிழமை காலை 8 மணி" என்று மருத்துவமனையில் குறித்தவுடன், நாட்காட்டியைப் பாராமலே அவள் சொன்னாள்: "ஏழரை முதல் ஒன்பது ராகு காலமாயிற்றே!"

எனக்கும் உள்ளூர அதே தயக்கந்தான். நேரத்தை மாற்ற இயலுமா என்று மருத்துவரைக் கேட்டேன். அவர் நகைக்கவில்லை. நீரிழிவு உள்ளவர்கள் நெடுநேரம் வெறும் வயிற்றோடு இருந்தால் சர்க்கரையின் அளவு தடுமாறும்; ஆகவே அன்றைய பட்டியலில் அவர்களை முதலில் எடுத்துக்கொள்வது வழக்கம் என்று விளக்கினார். எங்கள் தெருக்கோயில் குருக்களோ, "வீட்டை விட்டுப் புறப்பட நேரம் பாருங்கள், கத்தி எடுப்பவருக்கு நீங்கள் நேரம் குறிக்காதீர்கள்" என்றார். ஞாயிறு மாலை நாலரைக்கு முன்பே சேர்ந்துவிட்டோம்.

காப்பீட்டு முன் அனுமதி, பழைய பரிசோதனை முடிவுகள், ஆதார் நகல் ஆகியவற்றை வங்கிக்காரன் புத்தியில் முன்கூட்டியே ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தேன். அன்பர்கள் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து, சூரணம் உட்பட, மருத்துவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரையை எப்போது நிறுத்துவது, காலையில் எந்த மாத்திரையை ஒரு வாய் நீரோடு விழுங்குவது என்பதெல்லாம் அவர் சொல்ல வேண்டியவை. நாமாக முடிவு செய்வது ஆபத்து. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டபோது, முப்பத்தைந்து ஆண்டுகள் பிறர் கையெழுத்தைச் சரிபார்த்த என் கை கோணிற்று.

முந்தைய வாரம் வைத்தீஸ்வரன் கோயில் சென்று, உப்பும் மிளகும் காணிக்கையிட்டு, திருச்சாந்துருண்டை பெற்று வந்திருந்தோம். திங்கள் விடியற்காலை அவள் அந்தப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"இது உணவில்லையே. சுவாமி பிரசாதந்தானே?"

ஒரு கடுகளவு என்ன செய்துவிடும் என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் மயக்க மருந்து நிபுணர் முந்தைய மாலையே சொல்லியிருந்தார்: மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும், இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் புகுந்தால் உயிருக்கே கேடு. அதனால் திட உணவு ஆறு மணி நேரத்திற்கு முன்பும், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்திற்கு முன்பும் நிறுத்தப்பட வேண்டும். அவள் உருண்டையைக் கண்களில் ஒற்றி, என்னிடம் கொடுத்துவிட்டாள்.

அடுத்ததுதான் கடினம். வளையல், மூக்குத்தி, மெட்டி எல்லாம் கழன்றன. "தாலியையும் கழற்றிவிடுங்கள் அம்மா" என்றார் செவிலியர். அறுவையில் மின்கருவி பயன்படும்போது உடலில் உள்ள உலோகத்தால் தீக்காயம் நேரலாம் என்பது காரணம். அவள் மார்பைக் கையால் மூடிக்கொண்டாள். 1985இல் ஏறியது, ஒருநாளும் இறங்கியதில்லை. நான் சொன்ன காரணங்கள் எதுவும் அவள் செவியில் ஏறவில்லை. கடைசியில், "நீங்கள் கழற்றினால் சரி; வேறொருவர் கை வேண்டாம்" என்றாள். கழற்றி, சட்டைப் பையில் இட்டுப் பொத்தானைப் பூட்டினேன். நெற்றியில் மட்டும் விபூதியோடு உள்ளே சென்றாள்.

வெளியே இருந்த இரண்டு மணி நேரம் எந்த மந்திரமும் எனக்கு முழுமையாக நினைவுக்கு வரவில்லை. பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

மாலையில் கண் தெளிந்ததும் அவள் கை கழுத்தைத் தேடிற்று. மஞ்சள் கயிற்றில் கோத்து நானே கட்டினேன். திருமணத்தன்று நான் இட்டது முதல் முடிச்சு மட்டுமே. மற்ற இரண்டையும் என் தமக்கை இட்டாள். இப்போது இரண்டாவது முடிச்சிலேயே விரல் நடுங்கிற்று. காலையில் கழற்றச் சொன்ன அந்தச் சிஸ்டரே அருகில் வந்து, மீதியைக் கட்டிவிட்டார்.

"உருண்டை எங்கே?" என்றாள் அவள்.

மறுநாள் காலை மருத்துவர் அனுமதித்த பிறகுதான் கொடுத்தேன்.