ஒத்தப் போட்டோ ஏறவில்லை

மேலே ஏறவேண்டியதெல்லாம் ஒழுங்காகத்தான் ஏறுகிறது. என் போனிலிருந்து ஒரே ஒரு போட்டோதான் ஏறமாட்டேன் என்கிறது. அதற்குத் தண்டம் கட்டுவது யார் தெரியுமா? மண்வெட்டி பிடித்த கிழவிகள்.

பேரையூர்ப் பக்கம் கரிசல்காட்டு ஊர் எங்களுடையது. நூறு நாள் வேலையில் நான் பணித்தளப் பொறுப்பாளர். பொறுப்பாளர் என்றால் ஏதோ உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். போன் என்னுடையது, ரீசார்ஜ் என்னுடையது, வாங்கும் ஏச்சும் என்னுடையது. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் வேலை தவிர, எல்லாப் பணித்தளத்திலும் வருகைப் பதிவு போன் செயலியில்தான் என்று உத்தரவு. காலையில் ஒரு போட்டோ, சில மணி நேரம் கழித்து இன்னொன்று. இடமும் நேரமும் அதிலேயே பதிவாகும். இரண்டும் போய்ச் சேர்ந்தால் ஆள் வந்த கணக்கு. சேராவிட்டால் அன்றைக்கு அவள் வரவேயில்லை.

வரத்துக்கால் தூர்வாருகிற இடத்தில் சிக்னல் கிடையாது. போட்டோவைப் பிடித்துக்கொண்டு கண்மாய்க் கரைக்கு ஓடுவேன். கரை மேட்டில் வேப்பமரத்தடியில் ஒரு கோடு தெரியும், சீமைக்கருவேலம் தாண்டிப் போனால் இரண்டு. கையை உயர்த்திப் பிடித்தபடி நிற்பேன். திரையில் அந்த வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். முக்கால்வாசி போய் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது போட்டோ நேரம் வரைக்கும் வேலை முடிந்த பெண்களும் வீட்டுக்குப் போகமுடியாது. சித்திரை வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதில் எழுபதைத் தாண்டிய ஒரு அப்பத்தா, எனக்குத் தூரத்து உறவு. போன மாதம் அவர் பெயரில் இரண்டு நாள் விழவில்லை. வாசலில் வந்து நின்றார்.

"ஏத்தா, நான் வந்தேனா இல்லையா?"

"வந்தீங்க அப்பத்தா."

"ஒன் கண்ணால பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்."

"பெறகு எதுக்குடி அந்தப் பொட்டி சொல்லணும்?"

என்ன பதில் சொல்ல? சொல்லுங்கள், நீங்களாவது சொல்லுங்கள்.

இருட்டும் நேரத்தில் மொட்டைமாடியில் நின்றால் சில நாள் வானத்தில் வெளிச்சப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போகும். "ரயிலு போகுது" என்று பிள்ளைகள் கத்தும். ஸ்டார்லிங்க் என்று கல்லூரியில் படிக்கும் பையன் சொன்னான். 2019 மே மாதம் ஒரே ராக்கெட்டில் 60 செயற்கைக்கோள் ஏற்றி ஆரம்பித்தார்களாம். இப்போது ஆயிரக்கணக்கில் சுற்றுகின்றன. ராக்கெட்டின் அடிப்பாகம் எரிந்து வீணாவதில்லை. இறங்கி வந்து காலூன்றி நிற்கிறது, துடைத்து மறுபடி அனுப்புகிறார்கள். 30 தடவைக்கு மேல் போய்வந்த ராக்கெட்டும் உண்டு. அத்தனையும் எதற்கு? கீழே இருக்கிறவர்களுக்கு இன்டர்நெட் கொடுக்க. சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் எங்கள் தலைக்கு நேர் மேலேதான் போகிறது. பக்கத்து ஊர் டவரிலிருந்துதான் எங்கள் கண்மாய்க்கு எதுவும் வந்து சேரவில்லை.

வெளிநாட்டுக்காரன் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முப்பத்தாறு முப்பத்தாறாக 72 ஒன்வெப் செயற்கைக்கோள்களை நம் ராக்கெட்டே ஏற்றியது. அவையும் இன்டர்நெட்டுக்குத்தான். உக்ரைன் போரில் ரஷ்யாக்காரன் ஏவ மறுத்ததும், அந்தக் கம்பெனி நம்மிடம் வந்தது, சில மாதத்திலேயே முதல் ராக்கெட் கிளம்பியது. அந்த ராக்கெட்டின் எஞ்சின்களைச் சோதிக்கிற மகேந்திரகிரி எங்கே இருக்கிறது? நாகர்கோவில் ரோட்டில் காவல்கிணறு பக்கம். பெருமையாக இருந்தது, பொய் சொல்லவில்லை. டிவி முன்னால் நானும் கைதட்டினேன்.

2024 நவம்பரில் இன்னொன்று. ஜிசாட்-20, எடை 4,700 கிலோ, பிராட்பேண்டுக்கான செயற்கைக்கோள். நம் ராக்கெட்டுக்கு அந்தப் பாரம் தாங்காது. உடனே ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோய் பணம் கொடுத்து, அதே திரும்பி வருகிற ராக்கெட்டில் ஏற்றி அனுப்பினார்கள். விமானத்தில் போகிறவர்களுக்குக்கூட அதில் இன்டர்நெட் கிடைக்குமாம். தேவை என்று மேலே இருப்பவர்கள் நினைத்துவிட்டால் கண்டம் விட்டுக் கண்டம் போயாவது வழி கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் ஊராட்சிக்கு ஊராட்சி இன்டர்நெட் ஒயர் வரும் என்ற பேச்சு 2011-இலிருந்து நடக்கிறது. எங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருக்கிறது. அதில் ஒட்டடை அடிக்கக்கூட ஆள் வருவதில்லை.

ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் இங்கே உரிமம் கொடுத்துவிட்டார்கள், இனி பட்டிதொட்டிக்கெல்லாம் நெட் வந்துவிடும் என்கிறார்கள். வரட்டும். அமெரிக்காவில் வீட்டு இணைப்புக்கு மாதம் 120 டாலர் வரை வாங்கினார்கள். நம் காசுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். இங்கே எவ்வளவு குறைத்தாலும் குறைக்கட்டும். 2025-26-க்குத் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நூறு நாள் கூலி 336 ரூபாய். அமெரிக்கக் கணக்குப்படி ஒரு மாச நெட்டுக்கு அப்பத்தா முப்பது நாள் மண் சுமக்கவேண்டும். அந்த முப்பது நாளும் போட்டோ ஏறினால்!

ராக்கெட் மேல் எனக்கு என்ன கோபம்? அது பாட்டுக்குப் போகிறது, வருகிறது. சிக்னல் கொடுக்காதது யாருடைய குறை? அந்தக் குறையை எடுத்துக் கூலிக்காரியின் கணக்கில் எழுதுகிறீர்களே, அதுதான் வயிற்றெரிச்சல். டவர் வைக்காதவனுக்கு ஒரு நாள் வருமானம் வெட்டினீர்களா? செயலி செய்தவனுக்கு? போலி வருகையைத் தடுக்கத்தான் போட்டோ என்றீர்கள், சரி. வந்த ஆளை வரவில்லை என்று எழுதுவதும் பொய்க் கணக்குத்தானே? அந்தப் பொய்யை யார் பிடிப்பது?

பழைய வருகை நோட்டை நான் இன்னும் விடவில்லை. தினமும் பெயர் எழுதுகிறேன், எதிரே கைநாட்டோ கையெழுத்தோ வாங்குகிறேன். சிக்னல் இல்லாத நாளுக்கு அந்த நோட்டை ஏற்றுக்கொள்ளுங்கள். சந்தேகமா, அதிகாரி நேரில் வந்து கரையில் நின்று தலையை எண்ணட்டும். பதினொரு மணிக்கு வாருங்கள், அப்பத்தா அங்கேதான் இருப்பார். விட்டுப்போன இரண்டு நாளுக்கு 672 ரூபாய் பாக்கி. வரும்போது அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.