பட்டுத் தெரிவதும் பட்டன் தட்டுவதும்

மார்ச் மாதம் பிறந்தால் கம்பெனிகளுக்கு ஒரு ஜுரம் வரும். டிரெயினிங்குக்கு ஒதுக்கிய பணத்தை முப்பத்தொன்றாம் தேதிக்குள் செலவழித்தாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் அக்கவுண்ட்ஸ் ஆசாமி கத்தரியோடு வந்து நிற்பார். (நானும் பி.காம்.தான். கத்தரிக் கட்சி!)

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று ஜி.எஸ்.டி. ரோடு நெடுக உள்ள கம்பெனிகளுக்கு 'எக்ஸ்பீரியன்ஷியல் லேர்னிங்' சாஃப்ட்வேர் விற்க ஆள் வருகிறார்கள். பெயர் வாயில் நுழையாவிட்டால் கவலை வேண்டாம். 'பட்டால்தான் தெரியும்' என்று பாட்டி சொன்னாளே, அதேதான். பாட்டி இலவசமாகச் சொன்னாள். இவர்கள் தலைக்கு இத்தனை, வருஷத்துக்கு இத்தனை, அதற்கு மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. என்கிறார்கள். (ரோடு இல்லை, வரி.)

இதற்குச் சாஸ்திரமும் உண்டு. டேவிட் கோல்ப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1984-ல் புத்தகமே போட்டார். தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் வந்ததும் அதே வருஷம்தான். செய்து பார், செய்ததை யோசி, ஒரு பாடம் எடு, அடுத்த தடவை அதைப் போட்டுப் பார். நாலே படி. விற்க வருகிறவர்கள் முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுவதுதான் சங்கடம்.

டெமோவுக்கு வரும் டை கட்டிய இளைஞர், 'படித்ததில் 10 சதவிகிதம்தான் மனசில் நிற்கும், செய்ததில் 90 சதவிகிதம் நிற்கும்' என்று ஒரு கூம்புப் படம் காட்டுவார். மயங்காதீர்கள். எட்கர் டேல் 1946-ல் போட்ட அந்தக் கூம்பில் சதவிகிதமே கிடையாது. பிற்பாடு யாரோ ஒட்டவைத்தது. பாலன்ஸ் ஷீட்டில் இப்படிச் செய்தால் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார்.

நல்ல ஆட்டம் எப்படி இருக்கும்? எம்.ஐ.டி.யில் 1960 வாக்கில் ஜே ஃபாரஸ்டர் குழு உருவாக்கிய 'பீர் கேம்' மாதிரி. (குடிக்கிற சமாசாரம் இல்லை.) சில்லறைக் கடை, மொத்தக் கடை, விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று நாலு பேர். ஆர்டர் போட்டால் சரக்கு வரச் சில வாரம் ஆகும். ஒருத்தரோடு ஒருத்தர் பேசக்கூடாது. வாடிக்கையாளர் தேவை ஒரே ஒரு தடவை, வாரம் 4 பெட்டியிலிருந்து 8 ஆகும். அவ்வளவுதான்! கடையில் சரக்கில்லை என்று கூச்சல், பயந்துபோய் ஆளாளுக்கு ஆர்டர், அப்புறம் எங்கே பார்த்தாலும் சரக்கு மலை. ஆளுக்கு ஆள் அடுத்தவரைத் திட்டுவார்கள். கடைசியில் வாடிக்கையாளர் கணக்கைத் திறந்து காட்டியதும் வாய் மூடும். பாடம் ஆரம்பிப்பதே அந்த நிமிஷத்தில்தான். இதை அட்டையும் காகிதமும் வைத்தே ஆடலாம்.

ஆகவே, செக்கில் கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் உட்காரவைத்து அலசுவது யார்? தாம்பரம் விமானப்படைத் தளத்தில் 1954 முதல் ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூல் இருக்கிறது. பறக்கக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே பள்ளிக்கூடம்! விமானப் பயிற்சியில், இறங்கியதோடு வகுப்பு முடிவதில்லை. பறந்ததைப் பேசித் தீர்த்தாக வேண்டும்.

தமிழில் ஓடுமா? ஷிஃப்ட் முடிந்து செங்கல்பட்டு லோக்கலைப் பிடிக்கத் துடிக்கும் பேக்கிங் செக்ஷன் அம்மாவும் டீமில் ஒருத்திதானே?

மூன்றாவதுதான் முக்கியம். மார்க் யாருக்குப் போகும்? நண்பர் சொன்னார். அவர் கம்பெனியில் இரண்டாம் தடவை ஆடியபோது ஒருத்தர்கூடத் துணிந்து எதையும் செய்யவில்லையாம். "ஏம்ப்பா, இப்படிப் பதுங்கிப் பதுங்கி ஆடறீங்க?" என்று கேட்டதற்கு ஒரு பையன், "போன தடவை தோத்தவருக்கு இன்கிரிமென்ட்ல கைவெச்சுட்டாங்களே சார்" என்றானாம். வீட்டு வாடகை, பள்ளிக்கூட ஃபீஸ் எல்லாம் அந்த இன்கிரிமென்ட்டை நம்பி இருக்கும்போது யார் தப்புப் பண்ணிப் பாடம் கற்பார்கள்?

தோற்க இடம் கொடுக்காத ஆட்டத்துக்கு லைசென்ஸ் எதற்கு? பக்கத்து ஓட்டலில் எல்லாருக்கும் போண்டா, காபி வாங்கிக் கொடுத்து, 'போன மாசம் சரக்கு ஏன் லேட்டாகப் போச்சு? யார் மேலேயும் ஆக்ஷன் கிடையாது, பேசுங்க' என்று சொல்லிவிடுங்கள்.

ஓட்டல் காபிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம்தான்.