ஏவியவரும் இயற்றியவரும்

ஃபெராரி 250 ஜிடிஓ என்னும் பந்தயக் காரைப் பற்றி எழுதப் புகுவோரில் பெரும்பாலோர் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குகிறார்கள்: 'என்சோ ஃபெராரி படைத்த அற்புதம்.' இவ்வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. வரலாற்றுப் பிழை இருக்கிறது. அது சிறு பிழையுமன்று.

அரசன் கட்டிய கோயில் என்றாலும் தச்சன் கட்டிய கோயில் என்றாலும் நம் இலக்கணம் இரண்டையும் ஏற்கும். ஆயினும் முன்னவனை ஏவுதற் கருத்தா என்றும் பின்னவனை இயற்றுதற் கருத்தா என்றும் பெயரிட்டுப் பிரித்த பின்னரே ஏற்கும். தமிழ் பயிற்றுவிப்பவனுக்குக் காரைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கும் அன்பர்களுக்கு இதுவே என் விடை. ஒரு படைப்புக்கு ஆசிரியர் யார் என்பது எந்தத் துறையில் எழுந்தாலும் எம்மைப் போன்றோரின் கேள்விதான்.

இக்கார் எப்படி உருவாயிற்று என்பதை முதலில் பார்ப்போம். 1961-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜெனீவாக் கண்காட்சியில் ஜாகுவார் நிறுவனத்தின் ஈ-டைப் அறிமுகமானது. ஃபெராரியின் அன்றைய பந்தயக் கார் 250 ஜிடி, குறுகிய சக்கர இடைவெளி கொண்டது, வலிமையானது. ஆனால் அதன் மழுங்கிய முகம் மிகுவேகத்தில் காற்றோடு மல்லுக்கட்டியது. எஞ்சினின் ஆற்றலை எவ்வளவு கூட்டினாலும் காற்று அதைத் தின்றுவிடும். இந்தச் சிக்கலைத் தீர்க்கும் பணி ஜோத்தோ பிட்ஸாரினி என்னும் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. பீசா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1957-இல் ஆல்ஃபா ரோமியோவிலிருந்து ஃபெராரிக்கு வந்தவர்.

அவர் புதிதாக எஞ்சின் எதையும் வரையவில்லை. 250 டெஸ்டா ரோஸா என்னும் பந்தயக் காரில் ஏற்கெனவே தேறிய மூன்று லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொண்டார். அதன் அடியில் தொங்கும் எண்ணெய்த் தொட்டியை நீக்கி, எண்ணெயைத் தனிக்கலத்தில் சேமிக்கும் ஏற்பாட்டைக் கைக்கொண்டதால் எஞ்சினைத் தாழ்த்தி வைக்க முடிந்தது. தாழ்த்தியதோடு பின்னுக்கும் தள்ளினார். எஞ்சின் தாழ்ந்ததால் முன்மூடி தாழ்ந்தது. முன்மூடி தாழ்ந்ததால் முகம் கூர்ந்தது. முகம் கூர்ந்ததால் காற்று வழிவிட்டது. இன்று உலகம் வியக்கும் அந்த நீண்ட மூக்கின் அழகு, எண்ணெய்த் தொட்டியை இடம் மாற்றியதிலிருந்து பிறந்த அழகு. பீசா பல்கலைக்கழகத்தின் காற்றுச் சுரங்கத்திலும் ஓடுதளங்களிலும் இவ்வடிவம் சோதிக்கப்பட்டது. 1961 செப்டம்பரில் மொன்ஸாவில் ஸ்டிர்லிங் மாஸ் அதன் முன்மாதிரியை ஓட்டிப் பார்த்தார்.

அந்த எஞ்சினுக்கும் ஒரு முன்கதை உண்டு. அதன் மூலவடிவத்தை வரைந்தவர் ஜோஅக்கினோ கொலம்போ. 1947-இல் ஒன்றரை லிட்டராகப் பிறந்த அது, பல கைகள் மாறி, படிப்படியாக மூன்று லிட்டராக வளர்ந்தது. அவ்வளர்ச்சி முடிவதற்கு நெடுநாள் முன்பே கொலம்போ ஃபெராரியை விட்டு விலகியிருந்தார்.

1961-ஆம் ஆண்டின் இறுதியில் நடந்ததுதான் இவ்வரலாற்றின் மையம். என்சோவின் மனைவி லௌரா நிறுவன அலுவல்களில் தலையிடுவதை மூத்த அலுவலர்கள் சிலர் எதிர்த்தனர். விளைவு, அவர்கள் கூண்டோடு வெளியேற நேர்ந்தது. விற்பனைத் தலைவர் ஜிரோலமோ கார்டினி, அணி மேலாளர் ரோமொலோ தவோனி, தலைமைப் பொறியாளர் கார்லோ கீட்டி ஆகியோருடன் பிட்ஸாரினியும் வெளியேறினார். அவ்வாண்டுதான் கீட்டியின் கார் ஃபார்முலா ஒன் பட்டத்தை ஃபெராரிக்குப் பெற்றுத் தந்திருந்தது என்பதை நினைவிற் கொள்க.

பாதியில் நின்ற பணி மவ்ரோ ஃபோர்கியேரி என்னும் இளைஞரிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 26. மொதெனாவில் பட்டறை வைத்திருந்த செர்ஜியோ ஸ்காலியெத்தியுடன் சேர்ந்து அவர் காரின் உடலைச் செம்மைப்படுத்தினார். அலுமினியத் தகடுகளைக் கையால் தட்டி வளைத்து உருவாக்கிய உடல் அது. அதனால்தான் ஒரு காரைப் போல் மற்றொன்று அச்சு அசலாக இருப்பதில்லை. 1962 மார்ச்சில் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் ஃபில் ஹில்லும் ஒலிவியே ஜான்டபியானும் அதை ஓட்டி, ஒட்டுமொத்த வரிசையில் இரண்டாமிடம் பெற்றனர். 1962, 1963, 1964 என மூன்றாண்டுகள் தொடர்ந்து தன் பிரிவின் உலகப் பட்டம் அதற்கே.

இனி எதிர்த்தரப்புக்கு வருவோம். அவர்களின் வாதங்கள் இரண்டு.

'ஆளைத் தேர்ந்தவர், பணம் திரட்டியவர், இலக்கை வகுத்தவர் என்சோ. ஆகவே அவரே படைப்பாளி' என்பது முதல் வாதம். இவை மூன்றும் அரிய செயல்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவற்றுக்குப் பெயர் ஏவுதல். என்சோ பொறியியல் பயின்று பட்டம் பெற்றவரல்லர். 1960-இல் பொலோனா பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு பட்டம் வழங்கியது. தம்மை மனிதர்களைத் தூண்டிவிடுபவர் என்றே அவர் சொல்லிக்கொண்டார். தம் இடம் எது என்பதில் அவருக்குத் தெளிவு இருந்திருக்கிறது. அவருடைய அடியார்களுக்குத்தான் அது இல்லை.

'பிட்ஸாரினி போன பின்னும் கார் வென்றதே. ஆகவே பொறியாளர் எவரும் இன்றியமையாதவர் அல்லர்' என்பது இரண்டாம் வாதம். கேட்பதற்குக் கூர்மையாக இருக்கிறது, தொட்டால் நொறுங்குகிறது. பிட்ஸாரினி விட்டுச் சென்ற பணியை ஃபோர்கியேரி என்னும் இன்னொரு பொறியாளர் எடுத்துச் சென்றதால்தான் கார் வென்றது. ஒருவரின் இடத்தை இன்னொரு திறமைசாலி நிரப்பினார் என்பது திறமை வேண்டாம் என்பதற்குச் சான்றாகுமா? ஓலையை ஒரு புலவர் பாதியில் விட, மற்றொருவர் எழுதி முடித்தால், நூலை எழுதியவர் ஓலை வாங்கிக் கொடுத்த வள்ளல் என்று நாம் சொல்வதுண்டா?

வெளியேறிய பிட்ஸாரினியின் கை என்ன செய்தது என்பதையும் பார்க்கலாம். ஜொவான்னி வோல்பி என்னும் பிரபுவுக்கு என்சோ ஜிடிஓ விற்க மறுத்தார். வோல்பி பிட்ஸாரினியை அழைத்தார். பழைய 250 ஜிடி ஒன்றையே எடுத்து, எஞ்சினை இன்னும் தாழ்த்தி, பின்புறத்தைச் செங்குத்தாக வெட்டிவிட்டாற்போல் ஒரு கார் செய்தார் பிட்ஸாரினி. ரொட்டி வண்டி என்று அதைக் கேலி பேசினார்கள். 1962 லெ மான் பந்தயத்தில் அந்த ரொட்டி வண்டி ஜிடிஓக்களை முந்தி ஓடிக்கொண்டிருந்தது. நான்காம் மணி நேரத்தில் இயக்கத்தண்டு பழுதாகி நின்றது. தன் பிரிவில் வென்றது ஜிடிஓதான். ஆனால் அந்த நான்கு மணி நேரம், கலை எந்தக் கையில் இருந்தது என்பதைச் சொல்லப் போதுமானது.

இவையெல்லாம் பழங்கதை, இன்று யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். கேள்வி இன்றுதான் கூர்மை பெற்றிருக்கிறது. மூன்று லிட்டர் ஜிடிஓக்கள் மொத்தம் 36தான் செய்யப்பட்டன. 2018-இல் அவற்றுள் ஒன்று 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 2019-இல் பொலோனா நீதிமன்றம் இக்காரின் வடிவத்தைக் கலைப்படைப்பு என ஏற்று, மொதெனா நகர நிறுவனம் ஒன்று அதன் நகலைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. பயன் ஃபெராரி நிறுவனத்துக்கு.

கலைப்படைப்பு என்ற தீர்ப்பை நான் வரவேற்கிறேன். கலை என்று சொன்ன மாத்திரத்தில் கலைஞர் யார் என்ற வினாவும் எழுந்துவிடுகிறதல்லவா? பதிப்புரிமையின் ஆயுள் ஆசிரியர் மறைந்த பின் 70 ஆண்டுகள் என்பது ஐரோப்பியப் பொதுவிதி. அந்த 70 ஆண்டுகளை எந்த மரணத்திலிருந்து எண்ணுவது? என்சோ 1988-இல் மறைந்தார். ஸ்காலியெத்தி 2011-இல், ஃபோர்கியேரி 2022-இல், பிட்ஸாரினி 2023-இல். முதல் மரணத்துக்கும் கடைசி மரணத்துக்கும் இடையே 35 ஆண்டுகள். 'என்சோ படைத்தார்' என்று போகிற போக்கில் எழுதுவோர், தம் சோம்பலால் எத்தனை பேரின் வாழ்நாளை அழிக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிறுவனம் உரிமையை வைத்துக்கொள்ளட்டும். கூலி கொடுத்தது அது. பெயர்ப்பலகையில் ஃபெராரி என்றே இருக்கட்டும், ஏவியவர் அவர். ஆனால் எழுதுகிறவர்களாகிய நமக்கு நிறுவனத்துக்கு இருக்கும் கட்டாயம் எதுவும் இல்லை. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார் என்றும், தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்றும் தனித்தனியே குறித்து வைத்தது நம் மரபு. சேரனுக்குரியதைச் சேரனுக்கும் கிழாருக்குரியதைக் கிழாருக்கும் கொடுத்ததால் சேரன் சிறுத்துவிடவில்லை.

அடுத்த முறை ஜிடிஓவைப் பற்றி எழுதும் அன்பர்கள், என்சோ ஃபெராரி செய்வித்தார் என்று எழுதட்டும். கூடவே கொலம்போ, பிட்ஸாரினி, ஃபோர்கியேரி, ஸ்காலியெத்தி என்னும் நான்கு பெயர்களையும் எழுதட்டும். அவ்வரிசையின் ஈற்றில், அலுமினியத்தைத் தட்டி வளைத்த மொதெனாப் பட்டறைத் தொழிலாளர்களுக்கும் ஓரிடம் வேண்டும். ஒரு வாக்கியம் சற்று நீளும், அவ்வளவுதான்.