கூலியாளா? குத்தகையாளா?

விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையில் ஆமத்தூரைக் கடக்கும்போது, கரிசல் நிலத்தின் நடுவே ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும் சிறு சிறு அறைகள் கண்ணில் படும். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறைக்குத் தீ தாவக் கூடாது என்பதற்காக, பட்டாசு ஆலைகளில் அறைக்கு அறை இடைவெளி விட வேண்டும் என்பது விதி. அந்த இடைவெளி உயிரைக் காப்பதற்கு. ஆனால் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே காகிதத்தில் விடப்படும் வேறோர் இடைவெளி உண்டு. அது பொறுப்பிலிருந்து தப்புவதற்கு.

உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும்; அறைகள் உள்குத்தகையாக இன்னொருவர் கையில் இருக்கும்; ஆட்களைத் திரட்டி வருபவர் மூன்றாமவராக இருப்பார். மருந்து கலப்பவரும் திரி செருகுபவரும் உருப்படிக் கணக்கில் கூலி பெறுவர். வேலை நடக்கும் வரை மூவரும் முதலாளிகளே. விபத்து நேர்ந்ததும் ஒருவரும் முதலாளி அல்லர்! 2021 பிப்ரவரி 12ஆம் நாள் இம்மாவட்டத்தின் அச்சன்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உரிமம் ஒருவரிடமிருக்க, ஆலை பிறருக்குக் குத்தகையாகப் பிரித்து விடப்பட்டிருந்தது பின்னர் விசாரணையில் வெளிவந்தது. கணவனைப் பறிகொடுத்த பெண் எவர் வாசலில் போய் நிற்பாள்? இக்கேள்விக்கு மார்க்கம் என்ன விடை தருகிறது?

திருமறையின் கஸஸ் அத்தியாயத்தில் ஒரு வேலை ஒப்பந்தம் இடம்பெறுகிறது. மத்யன் நகரில் தஞ்சம் புகுந்த மூஸா (அலை) அவர்களுக்கு, அங்கிருந்த முதியவர் தம் மகளை மணமுடித்துத் தருவதாகக் கூறி, எட்டாண்டு பணி கேட்கிறார். பத்தாண்டாக நிறைவு செய்வது உம் விருப்பம் என்கிறார். உமக்குச் சிரமம் தர நான் நாடவில்லை என்றும் உறுதியளிக்கிறார். மூஸா (அலை) அவர்கள் அப்பேச்சுக்கு அல்லாஹ்வையே சாட்சியாக்குகின்றார்கள். வலியவர் எளியவரிடம் வேலை வாங்குமுன் சொல்ல வேண்டிய சொல் எதுவென்று இதனின்றும் விளங்குகிறதன்றோ!

இன்று நீதிமன்றங்களில் வாதிடப்படும் வேறுபாட்டை நம் சட்டமேதைகள் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே வகுத்து விட்டனர். ஒருவருக்கென்றே தம் நேரத்தை ஒப்படைத்துப் பணியாற்றுபவர் 'அஜீர் காஸ்'. ஊரார் அனைவருக்கும் வேலை செய்து கொடுக்கும் தையற்காரர், சுமைகூலி போன்றோர் 'அஜீர் முஷ்தரக்'. 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசு ஹனஃபீ சட்டத்தைத் தொகுத்து வெளியிட்ட 'மஜல்லா'வின் 422ஆம் பிரிவு இவ்விரண்டையும் விளக்குகிறது. பொதுவானவராக இருந்தவரே ஒருவருக்கு மட்டும் உழைக்க அமர்த்தப்பட்டால் தனிப்பணியாளர் ஆகி விடுவார் என்பதும் அதன் கருத்து. ஆகவே வேறுபாடு பொய்யன்று. பத்து ஆலைகளுக்கும் சென்று மின்கம்பி பழுது பார்ப்பவர் உண்மையிலேயே தனித்தொழிலர்தாம். ஆனால் நாள்தோறும் ஒரே வாயிலில் நுழைந்து, ஆலையின் மருந்தையே கையாண்டு, மேற்பார்வையாளர் சொன்னபடி செய்து, உருப்படிக்குக் கூலி வாங்கிச் செல்பவரைத் தனித்தொழிலர் என்று அழைப்பது பொய்யே.

அதே மஜல்லாவின் மூன்றாம் பிரிவு, ஒப்பந்தங்களில் சொற்களை அன்று, நோக்கத்தையும் பொருளையுமே கருத வேண்டும் என்கிறது. 87ஆம் பிரிவோ, பயனை அனுபவிப்பவரே அதனுடன் வரும் சுமையையும் ஏற்க வேண்டும் என்கிறது. தீபாவளிச் சரக்கின் ஆதாயம் மேலே ஏறிச் செல்லும். தீக்காயத்தின் செலவு மட்டும் கீழே இறங்கிக் கூலிக்காரன் குடிசையில் தங்க வேண்டுமோ?

நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் இதே வழியில் சென்றது. 1956இல், சௌராஷ்டிரத்துத் தாரங்கத்ரா நிறுவன வழக்கில், உப்பு எடைக்கேற்பக் கூலி பெற்று, தமக்கு உதவியாளரையும் அழைத்து வந்த உப்பளத்தாரைத் தொழிலாளரே என்று தீர்ப்பளித்தது. 1978இல், கோழிக்கோட்டுக் கயிற்று ஆலையில் ஒப்பந்தக்காரர் வழியே அமர்த்தப்பட்டோர் வழக்கில், இடையில் எத்தனை பெயர் இருப்பினும் எவர் கையில் அவர்தம் வாழ்வாதாரம் இருக்கிறதோ அவரே முதலாளி என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கண்டார். இவ்விரண்டும் தொழிற்தகராறுச் சட்டத்தின் கீழ் எழுந்தவை. எனினும் அவற்றின் நீதி எங்கும் பொருந்துவதே.

இழப்பீட்டுக்கென்றே பிறந்தது 1923ஆம் ஆண்டுச் சட்டம். தம் தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டாலும், அவருடைய தொழிலாளிக்கு நேர்ந்த காயத்துக்குப் பிரதான முதலாளி இழப்பீடு தர வேண்டும். பிறகு ஒப்பந்தக்காரரிடம் மீட்டுக் கொள்ளலாம் என்று அதன் 12ஆம் பிரிவு விதித்தது. இழப்பீடு கோர மாட்டேன் என்று தொழிலாளி கையெழுத்திட்டிருந்தாலும் அது செல்லாது என்றது 17ஆம் பிரிவு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அச்சட்டத்தின் இடத்தைப் பெற்றது. ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய அக்கடமை இதிலும் தொடர்கிறது. "அவரே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார்" என்று சொல்வோர், ஹலாலை ஹராமாக்கும் நிபந்தனைக்கு மதிப்பில்லை என்ற பெருமானார் (ஸல்) அவர்களின் போதனையையும் எண்ணிப் பார்க்கட்டும். பசித்தவனின் கையெழுத்து முழு மனச்சம்மதம் ஆகாது.

ஆயினும் சட்டத்தின் கை எட்டாத இடங்களும் உண்டு. பிரதான முதலாளியின் பொறுப்பு அவருடைய தொழிலோடும், அவர் கட்டுப்பாட்டிலுள்ள இடத்தோடும் பிணைந்தது. நம் பள்ளிவாசலுக்கு மினாரா எழுப்புகிறோம். சாரம் சரிந்து சித்தாள் ஒருவர் விழுந்து மாண்டார் என வைத்துக் கொள்வோம். கட்டடம் கட்டுவது ஜமாஅத்தின் தொழிலன்று. சட்டம் நம்மை விட்டு விடலாம். "அது கொத்தனார் பொறுப்பு" என்று நாமும் கைகழுவி விட்டால், அந்த மினாராவிலிருந்து எழும் பாங்கொலி அவருடைய பிள்ளைகளின் செவியில் எவ்வாறு ஒலிக்கும்?

ஆகவே ஆலை நடத்துவோரும், கடை நடத்துவோரும், ஜமாஅத் நிர்வாகிகளும் இன்றே செய்ய வேண்டியவை சில. வேலைக்கு வரும் ஒவ்வொருவர் பெயரையும் பதிவேட்டில் எழுதுங்கள். பெயர் இல்லாதவருக்காக வழக்காடுவது ஏழை விதவைக்குப் பெரும்பாடு. ஒப்பந்தம் பேசும்போதே விபத்துக் காப்பீட்டுக்கான தொகையையும் சேர்த்துப் பேசுங்கள். மிச்சம் பிடிக்கும் பொருட்டு அதனை விட்டு விடாதீர்கள்.

கூலிக்கு ஆளை அமர்த்தி, வேலையை முழுமையாக வாங்கிக் கொண்டு, உரியதைக் கொடாதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று புகாரீயில் பதிவான நபிமொழி எச்சரிக்கிறது. அந்நாளில் உள்குத்தகைப் பத்திரம் எவர் கையிலும் இராது. "இவர் எவருக்காக உழைத்தார்?" என்று கேட்கப்படும், அதற்கு உண்மை விடை ஒன்றுதான் உண்டு. அவ்விடையை இங்கேயே ஒப்புக்கொள்ளும் நேர்மையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.