தரையில் உட்காராதீர்கள் என்றார் மருத்துவர்

அறுவைச் சிகிச்சை முடிந்து நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் ஒரு தாளைக் கையில் கொடுத்தார். குனியக் கூடாது. எடை தூக்கக் கூடாது. இடுப்பை முறுக்கித் திரும்பக் கூடாது. தரையில் உட்காரக் கூடாது. குந்தி உட்காரும் கழிப்பறைக்குப் போகக் கூடாது. அரை மணிக்கு மேல் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது. அப்பா அதை என்னிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "அப்போ வேலைக்கு?"

அந்தத் தாளில் அதற்குப் பதில் இல்லை.

எனக்கு வயது 33. திருத்தணி. கோயில் படியேறுகிற பக்கம் இல்லை, மலைக்குப் பின்னால் இருக்கிற காலனி. அப்பா முப்பது வருடம் லோடுமேன். நெல், சிமெண்ட், உரம், எது வந்தாலும் அவர் முதுகு வழியாகத்தான் லாரியிலிருந்து இறங்கும். நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. வரலாறு படித்தேன். படித்துவிட்டு சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சேமிப்புக் கிடங்கில் ஆறு வருடம் பெட்டி தூக்கினேன். நீங்கள் செல்போனில் விரலால் தொட்டு வாங்குகிற பொருள்களெல்லாம் அப்படி ஓர் இடத்தில்தான் தரையிலிருந்து அடுக்குக்கும் அடுக்கிலிருந்து வண்டிக்கும் போகின்றன. விடியற்காலை மின்சார ரயிலில் அரக்கோணம் வழியாக நின்றபடி பயணம், பிறகு பத்து மணி நேரம் குனிந்து நிமிர்தல், மறுபடியும் நின்றபடி பயணம். அப்பா தூக்கியது மூட்டை, நான் தூக்கியது அட்டைப்பெட்டி. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பார்கோடுதான் எங்கள் குடும்பத்தின் ஒரு தலைமுறை முன்னேற்றம்.

இடது பின்பக்கத்தில் தொடங்கிக் கால் கட்டைவிரல்வரை மின்சாரம் பாய்வதுபோல ஒரு வலி. எட்டு மாதம் மாத்திரையில் ஓட்டினேன். ஸ்கேன் எடுத்தபோது இடுப்பின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவில் உள்ள ஜவ்வு பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி தெலுங்கில் "நடுமு நொப்பி" என்று எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். இப்படி ஜவ்வு பிதுங்குவதுதான் இந்தக் கால்வலிக்குக் காரணம் என்று அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டர், பார் இருவரும் அறுவைச் சிகிச்சை செய்து எழுதியது 1934இல். அதன்பிறகும் எங்கள் தெருவில் அது வெகுகாலம் வாயுவாகவும் செய்வினையாகவுமே இருந்தது.

மருத்துவமனையில் கட்டிலைச் சுற்றி நின்ற பயிற்சி மருத்துவர்களிடம் பெரிய மருத்துவர் என்னைக் காட்டிச் சொன்னார்: "தவறான உடல் நிலை. பழக்கம் சரியில்லை." அவர் கெட்டவர் இல்லை. நல்ல கைராசிக்காரர், என் காலைத் திருப்பிக் கொடுத்தவர். ஆனால் அந்தப் 'பழக்கம்' என்ற சொல் தையல் பிரித்த பிறகும் எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது. சிகரெட் பழக்கம்போல, நான் ஆசைப்பட்டுக் குனிந்து பழகினேனா?

என் உடல் குனியக் கற்றது கிடங்கில் மட்டும் இல்லை. அப்பா ரோட்டில் சிலரைப் பார்த்தால் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். கூடவே முதுகும் ஒரு சாண் இறங்கும். சின்ன வயதில் அது எனக்கு மரியாதையாகத் தெரிந்தது. இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர்கள்மீது ஆதிக்கச் சாதியினர் விதித்த எட்டுத் தடைகளைக் கல்லூரியில் படித்தபோதுதான் புரிந்தது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. ஓர் உடல் வெயிலில் எப்படித் தெரிய வேண்டும் என்று ஊர் கூடி முடிவெடுத்திருக்கிறது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் இல்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குவது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதினார். அந்த அடுக்கில் கீழே நிற்கிறவன் முதுகில்தானே மேல் அடுக்கின் எடை இறங்கும்?

ஆக, மருத்துவரின் தாளுக்கு வருகிறேன். 'தரையில் உட்காரக் கூடாது, நாற்காலியில் உட்காருங்கள்.' கடலூர் மாவட்டம் தெற்கு திட்டை ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியலினப் பெண் தலைவர் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படம் 2020 அக்டோபரில் வெளியானது நினைவிருக்கிறதா? அதே ஆண்டு சுதந்திர தினத்தில் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்து ஆத்துப்பாக்கத்தில் பட்டியலினத் தலைவர் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். மாவட்ட ஆட்சியர் தலையிட்ட பிறகே ஏற்றினார். நாற்காலி எங்களுக்கு வெறும் மரச்சாமான் இல்லை. எங்கள் வீட்டில் அதுவரை நாற்காலியே இல்லை என்பது வேறு விஷயம். சித்தப்பா வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வந்தது. இன்னொரு பழைய நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டுக் கழிப்பறைமேல் வைத்துக்கொடுத்தார் தச்சு வேலை செய்யும் மாமா. அதன் மேல் உட்கார்ந்து முதல் நாள் அழுதேன், வலியால் இல்லை.

இதற்கிடையில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. சம்மணமிட்டுத் தரையில் உட்கார்ந்து உண்ட நம் முன்னோர்களுக்கு இடுப்புவலியே கிடையாதாம். எந்த முன்னோர்? வரப்பில் நின்று பார்த்தவரா, நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டவரா? என் ஆயா கடைசிப் பத்து வருடம் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அவரிடம் கேட்டிருந்தால் முன்னோர் பெருமையைச் சரியாகச் சொல்லியிருப்பார்.

அறுவைச் சிகிச்சை முடிந்து பதினொரு மாதம் ஆகிறது. கால்வலி போய்விட்டது. உடல் நிலை மட்டும் திரும்பவில்லை. நிற்கும்போது வலது பக்கமாகச் சாய்கிறேன். நசுங்கிய நரம்பைக் காப்பாற்ற உடல் மாதக்கணக்கில் அப்படிச் சாய்ந்து சாய்ந்து, அதையே நேர் என்று நம்பிவிட்டது. முதுகெலும்பை ஒட்டிய சிறிய தசைகள் தளர்ந்துவிட்டன. கீழே விழுந்த சாவியை எடுக்கக்கூடப் பயம். வலியைவிட அந்தப் பயம்தான் என்னை அதிகம் விறைப்பாக்கியது என்று பிசியோதெரபி பார்க்கும் தங்கை சொன்னார். நான் கண்ணாடி முன்னால் ராணுவக்காரனைப்போல விறைத்து நின்று காட்டினேன். சிரித்துவிட்டார். "அண்ணா, இப்படியே நின்னா இதுவும் வலிக்கும். சரியான போஸ்னு ஒண்ணு கிடையாது. உக்காருங்க, எழுந்திருங்க, நடங்க. மாத்தி மாத்தி இருங்க." உடலுக்குத் தேவை ஒரே நேர்க்கோடு இல்லை, மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு. ஆனால் மணிக்கு இத்தனை பெட்டி என்று திரையில் எண் ஓடும் கிடங்கில், அந்த வாய்ப்பு மேற்பார்வையாளர் கையில் இருக்கிறது. நடவு வயலிலும் செங்கல் சூளையிலும் அதே கதைதான்.

என்னைக் கூலிக்கு வைத்த ஒப்பந்தக்காரர் பதினொரு மாதத்துக்கு ஒருமுறை அடையாள அட்டையை மாற்றுவார். ஆறு வருடம் தூக்கியவன் கணக்கில் எப்போதும் புது ஆள். சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தது, ஈ.எஸ்.ஐ. கணக்கில் இல்லை. முறையாகக் கட்டியிருந்தால் வருடத்தில் 91 நாள்வரை சம்பளத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாக வந்திருக்கும். வரவில்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை அறுவைச் சிகிச்சையைப் பார்த்துக்கொண்டது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன், அது இல்லையென்றால் இன்றும் படுக்கையில்தான் இருப்பேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியை வீட்டுக்கே கொண்டுவந்ததும் நல்ல யோசனை. ஆனால் காப்பீடு கத்திக்குப் பணம் தரும், ஓய்வுக்குத் தராது. இடுப்புக்கு வேண்டியது கத்தியைவிட ஓய்வுதான். கிடைத்த ஓய்வு அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தது. அவரும் அங்கே மண் சட்டியோடு குனிந்துதான் நின்றார்.

சட்டத்தைத் தேடிப் பார்த்தேன். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் வந்தது. அதன் மூன்றாம் அட்டவணை தொழில்சார் நோய்களின் பட்டியலாக இருந்தது. ஈயம், பாதரசம், கல்நார், பஞ்சுத் தூசி, இரைச்சலால் வரும் காது கேளாமை எல்லாம் அதில் இருந்தன. எடை தூக்கிச் சேதமாகும் இடுப்பு ஜவ்வு இருக்கவில்லை. ஜெர்மனியில் நீண்டகாலம் எடை தூக்கியதால் வரும் இடுப்பு ஜவ்வு நோய் 1993 முதல் தொழில்சார் நோய்களின் பட்டியலில் இருக்கிறது. அங்கேயும் நிரூபிக்கப் போராட வேண்டும்தான், ஆனால் போராட ஒரு பெயர் இருக்கிறது. இங்கே அதன் பெயர் 'பழக்கம்'. ஒரு ஆள் தூக்கும் எடைக்கு வரம்பு வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் 127ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. கூடவே வந்த பரிந்துரை ஆணுக்கு 55 கிலோ என்றது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை. 2020இல் உலகத்தில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்புவலி இருந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எல்லோருக்கும் வருகிற நோய்தான். யாருக்கு விடுப்பு வருகிறது என்பதில்தான் பிரிகிறோம். தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு 1982ஆம் ஆண்டின் சட்டமும் நலவாரியமும் இருக்கின்றன. அப்பாவிடம் அந்த அட்டை இருக்கிறது. சுமைப்பணித் தொழிலாளியின் இடுப்பை வருடத்துக்கு ஒருமுறை பரிசோதிப்பது, மூட்டையின் எடையை அளந்து வரம்பு வைப்பது, அறுவைக்குப் பின் மூன்று மாதம் கூலி கொடுப்பது ஆகிய மூன்றையும் அந்த வாரியத்தின் வழியாகவே கேட்கலாம். சங்கங்கள் கூலி உயர்வு கேட்கும் பட்டியலில் இவை ஏன் வருவதில்லை?

வராததற்கு நாமும் காரணம். நம் மேடைகளில் 'நிமிர்ந்து நில்', 'முதுகெலும்பு இல்லாதவன்' என்ற சொற்கள் எவ்வளவு சுலபமாக வருகின்றன! நானும் பேசியிருக்கிறேன். எங்கள் ஊரில் பிறந்தவர் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன்தான், குடியரசுத் தலைவராக 1967 ஏப்ரல் 2 அன்று, நாடாளுமன்ற வளாகத்தில் அண்ணலின் சிலையைத் திறந்துவைத்தார். நேரான முதுகு, நீட்டிய கை, சுட்டும் விரல். நாடு முழுக்க அந்தத் தோற்றம் பரவியதற்குக் காரணம் உண்டு. நிமிர்வதே தண்டனைக்குரிய குற்றமாக இருந்த நாட்டில் அது ஓர் அரசியல் அறிக்கை. அதனால்தான் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் அந்தச் சிலை இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறது. ஆனால் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கான மக்கள் முன் வந்த அம்பேத்கர், ஒரு கையில் தடியோடும் மறுகையை உதவியாளர் ரத்துவின் தோளில் போட்டும்தான் வந்தார். பெரியார் 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில் பேசிய கடைசிப் பேச்சில் வலியின் முனகல் கேட்கிறது. அதைக் கேட்டு, வலியைத் தாங்குவதே போராட்டம் என்று பாடம் எடுத்துக்கொண்டோம். பக்கத்தில் மணியம்மையார் இருந்ததைப் பாடத்தில் சேர்க்க மறந்துவிட்டோம்.

போன மாதம் படிப்பு வட்டக் கூட்டத்துக்குப் போனேன். மாடியில், பாய் விரித்து, எல்லோரும் தரையில். சமமாக உட்கார்கிறோம் என்பது நம் பெருமை. நான் கதவோரம் சுவரில் சாய்ந்து இரண்டு மணி நேரம் நின்றேன். "ஏன் தோழர் நிக்கிறீங்க, உக்காருங்க" என்று மூன்று பேர் அன்போடு சொன்னார்கள். காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. கூட்டம் முடிந்து இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கும் இன்னொரு தோழரைப் பார்த்தேன். அவர் பதினெட்டு வருடம் தறியில் உட்கார்ந்தவர்.

அடுத்த கூட்டம் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. கீழ்த்தளத்தில் ஓர் இடம் பாருங்கள், தோழர்களே. நான்கு நாற்காலி போதும். ஒன்றை நானே கொண்டுவருகிறேன், ஆனால் யாராவது தூக்கிவர வேண்டும்.